ஏலம் போகும் கால்கள்



எங்கள் போடிநாயக்கனூரில் ‘ஏலம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மலையில் விளைவதும் ஏலம். அது விலைபோகும் முறையும் ஏலம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடம் எங்கள் ஊரிலும் இருக்கிறது. மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இருக்கிறது. காயின் பருமன், நிறம், உலர்ந்த பக்குவம் ஆகியவற்றைப் பார்த்து வியாபாரிகள் விலை கேட்பார்கள். எட்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பச்சைக் காய்க்கு ஒரு விலை. அதே செடியில் விளைந்த சிறு காய்க்கு வேறு விலை. 2019-ஆம் ஆண்டில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாய் வரை உயர்ந்ததையும் கண்டோம். அடுத்த சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்குக் கீழே சரிந்ததையும் கண்டோம். இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கும் எனக்கு, ஒரு பொருளுக்கு விலை கேட்பது புதிதன்று. ஆனால் 2025 மே மாதத்தில் ஒரு நாள், என் தங்கையின் வீட்டுத் திண்ணையில், பதினேழு வயதுப் பிள்ளையின் கால்களுக்கு விலை கேட்கப்பட்டபோது நான் திகைத்துப்போனேன்.

என் மருமகன் கால்பந்து ஆடுபவன். அவனுடைய அத்தா, அதிகாலையில் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, மாலையில் அவர்களை இறக்கிவிடும் ஜீப்பு ஓட்டுநர். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்த மறு வாரம், வெளி மாவட்டத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து உடற்கல்வி இயக்குநர் தேடி வந்தார். நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் இல்லை. விடுதியும் உணவும் இலவசம். ஆண்டுக்கு இரண்டு இணை பூட்ஸ். இவற்றுக்கு மேல், அணியின் விளம்பரதாரர் ஒருவர் மாதம் ஐயாயிரம் ரூபாய் தருவார். பதிலுக்கு அந்த நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து இன்ஸ்டாகிராமில் அவ்வப்போது படம் போட வேண்டும். அந்த நிறுவனம் என்ன தொழில் செய்கிறது என்று கேட்டேன். கைப்பேசியில் பணம் கட்டி விளையாடும் செயலி என்றார்.

திண்ணையில் அமைதி நிலவியது. உள்ளே இருந்து என் தாயார் மட்டும் பேசினார்: “அவன் சாருக்கு வாக்குக் குடுத்துட்டானேப்பா.”

அந்தச் ‘சார்’ எங்கள் பகுதியில் ஒரு சிறிய கலைக் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர். என் மருமகன் எட்டாம் வகுப்புப் படிக்கும் நாள்தொட்டு, ஃபஜ்ருக்குப் பின் மைதானத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு காசும் வாங்காமல் பயிற்சி தந்தவர். “சார், உங்க காலேஜுலதான் சேருவேன்” என்று அவன் அவரிடம் சொல்லியிருந்தான். அவருடைய கல்லூரியால் தர முடிந்தது பாதிக் கட்டணச் சலுகை மட்டுமே.

இந்த ஒரு வீட்டுத் திண்ணையில் எழுந்த கேள்வி, உலகத்தின் மிகப் பெரிய விளையாட்டுச் சந்தைகளிலும் இன்று எழுந்திருக்கும் கேள்விதான் என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். ஆட்டக்காரனுக்குப் பணம் தருவது சரியா? தந்தால், போட்டி என்பது போட்டியாக இருக்குமா?

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து என்பது, நாம் ஆடும் கால்பந்து அன்று. கையால் பந்தை ஏந்தி ஓடும் அவர்களுடைய ஆட்டம். பல்லாயிரம் பேர் அமரும் அரங்குகளும் தொலைக்காட்சி ஒப்பந்தங்களும் அதைப் பெருவணிகமாக்கிவிட்டன. பயிற்றுநர்கள் ஆண்டுக்குப் பல மில்லியன் டாலர் ஊதியம் பெற்றார்கள். ஓடி விழுந்து எலும்பு முறித்துக்கொள்ளும் மாணவனுக்கோ கல்வி உதவித்தொகைக்கு மேல் எதையும் பெற அனுமதி இல்லை. தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெற்றால் அவன் ஆடும் தகுதியையே இழப்பான். 2021 ஜூன் மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், கல்வி சார்ந்த சலுகைகளுக்குக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருந்த வரம்பை ஒன்பது நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்பால் நீக்கியது. அதே ஆண்டு ஜூலை முதல், மாணவர்கள் தங்கள் பெயர், தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு விளம்பர வருவாய் ஈட்டலாம் என்று அச்சங்கமும் வழிவிட்டது.

இதில் ஒரு நியாயம் இருப்பதை நாம் மறுக்க இயலாது. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. ஒருவனின் உழைப்பில் எல்லோரும் சம்பாதித்துவிட்டு, ‘நீ மட்டும் விளையாட்டின் மீதுள்ள அன்புக்காக ஆடு’ என்று சொல்வது நீதியாகாது.

ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். விளம்பரப் பணம் என்ற பெயரில், செல்வந்தர்களான பழைய மாணவர்களும் ரசிகர்களும் நிதிக் குழுக்களை அமைத்தார்கள். எந்தக் கடையின் பொருளையும் விற்றுத் தராத மாணவனுக்கும் ‘விளம்பரதாரர்’ பணம் வந்தது. உண்மையில் அது, ‘எங்கள் கல்லூரிக்கு வா’ என்பதற்கான விலை. அதே 2021-இல், மாணவர்கள் ஒருமுறை கல்லூரி மாறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றும் விதி தளர்ந்தது; 2024-இல் படிப்பில் குறையில்லாதவர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. பணமும் கதவும் ஒரே நேரத்தில் திறந்தபோது, ஆண்டுதோறும் அணிகள் கலைந்து கூடுகின்றன. சிறிய கல்லூரி ஒருவனைத் தேடிக் கண்டு வளர்த்தால், அவன் பெயர் வெளியே தெரிந்த மறு பருவமே பெரிய கல்லூரி அழைத்துக்கொள்கிறது.

ஆகவே பணம்தான் போட்டியைக் கெடுத்தது என்று உடனே தீர்ப்பு எழுதிவிடலாமா? அதுவும் முழு உண்மையன்று. விளம்பரப் பணம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்திலேயே, 2009 முதல் 2020 வரையிலான பன்னிரண்டு பருவங்களில் அலபாமா என்ற ஒரே பல்கலைக்கழகம் ஆறு முறை தேசிய வாகை சூடியது. மாணவன் கைக்குப் பணம் போகாதபோதும், மாளிகை போன்ற பயிற்சிக் கூடங்களாகவும் புகழ்பெற்ற பயிற்றுநர்களாகவும் பணம் பேசிக்கொண்டுதான் இருந்தது. மாறாக, தோல்விகளுக்கே பேர்போன இந்தியானா பல்கலைக்கழகம், புதிய பயிற்றுநரும் பிற கல்லூரிகளிலிருந்து மாறி வந்த மாணவர்களும் கைகொடுக்க, 2024 பருவத்தில் முதன்முறையாகத் தேசிய வாகைக்கான இறுதிக்கட்டச் சுற்றுக்குத் தகுதி பெற்றது. திறந்த கதவு வலியவனுக்கு மட்டும் உதவவில்லை. சில சமயம் எளியவனுக்கும் உதவுகிறது. ஆனால் அவனுக்கும் வள்ளல்கள் வேண்டியிருக்கிறது.

அதனால்தான் அங்கே இப்போது அளவுகோல்களைத் தேடுகிறார்கள். 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரச உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகத் தரக்கூடிய தொகைக்கு உச்சவரம்பு வந்தது. முதல் ஆண்டுக்கு அது ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர். 600 டாலருக்கு மேற்பட்ட வெளி விளம்பர ஒப்பந்தங்களைப் பதிவு செய்து, அவை உண்மையான விளம்பரந்தானா என்று சோதிக்கவும் ஓர் அமைப்பு ஏற்பட்டது. இதை வாசித்தபோது, இஸ்லாமிய நகரங்களின் கடைவீதிகளில் எடைக்கல்லையும் கலப்படத்தையும் சோதித்துவந்த முஹ்தஸிப் என்ற அதிகாரியின் நினைவே எனக்கு வந்தது. சந்தை திறந்திருக்கட்டும், ஆனால் கண்காணிப்பவர் ஒருவர் இருக்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

நம் நாட்டு ஐ.பி.எல். ஏலத்தையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். 2017-இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்த சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியின் நடராஜன் மூன்று கோடிக்கும், ஆட்டோ ஓட்டுநரின் மகனான ஐதராபாத் முஹம்மது சிராஜ் 2.6 கோடிக்கும் எடுக்கப்பட்டார்கள். அந்தப் பணம் இரண்டு குடும்பங்களை நிமிர்த்தியது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஒவ்வோர் அணிக்கும் செலவு வரம்பு உண்டு. 2025 பருவத்துக்கு அது 120 கோடி. ஒருவருக்கு 27 கோடி கொடுத்தால், மற்றவர்களுக்குக் கொடுக்க அவ்வளவு குறையும். எல்லோரும் ஒரே அளவுப் பணப்பையுடன் ஏலத்துக்கு வருகிறார்கள். 2008 முதல் 2025 வரை பதினெட்டுப் பருவங்களில் எட்டு வெவ்வேறு அணிகள் கோப்பையை வென்றிருக்கின்றன. அதே சமயம், அவற்றுள் பத்துக் கோப்பைகள் சென்னை, மும்பை என்ற இரண்டு அணிகளிடமே சென்றன. வரம்பு உதவுகிறது, ஆனால் வரம்பு மட்டுமே சமத்துவத்தைத் தந்துவிடுவதில்லை.

இனி நம் தமிழகத்துக் கல்லூரிகளுக்கு வருவோம். அரசு வழங்கும் கதவுகள் வெளிப்படையானவை. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசு வேலைவாய்ப்பில் சிறந்த வீரர்களுக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. விதிகள் அச்சில் இருக்கின்றன. சான்றிதழுக்கு ஏற்ப மதிப்பெண் வழங்கப்படுகிறது. ஆனால் தனியார் கல்லூரிகள் தங்கள் விருப்பப்படி வழங்கும் இலவச இடங்கள் வேறு. மண்டலப் போட்டியிலும் பல்கலைக்கழகப் போட்டியிலும் வென்றால் நாளிதழில் படம் வரும். சேர்க்கைக் காலத்தில் விளம்பரப் பலகையில் அந்தக் கோப்பைகள் அணிவகுக்கும். அமெரிக்கக் கோடிகள் இங்கே இல்லை. ஆனாலும் இயங்கும் விதி அதுவேதான். விடுதி கட்ட முடிந்த கல்லூரி ஆட்டக்காரர்களைச் சேர்க்கிறது; சேர்த்த கல்லூரி வெல்கிறது; வென்ற கல்லூரிக்கே அடுத்த ஆண்டும் நல்ல ஆட்டக்காரன் போக விரும்புகிறான்.

இவ்வளவையும் ஒரு நடுநிலையாளனைப் போல எழுதிக்கொண்டு போகும் தகுதி எனக்கு இல்லை. இதே காரியத்தைச் சிறிய அளவில் செய்தவன் நான்.

எங்கள் ஊருக்கென்று எழுவர் கால்பந்து அணி ஒன்று இருந்தது. மலைமேல் தோட்டப் பகுதிகளிலும் அடிவாரத்திலும் கோடை விடுமுறையில் நடக்கும் போட்டிகளில் அது ஆடும். சில ஆண்டுகளுக்கு முன்பு அதன் பொறுப்பு என்னிடம் வந்தது. ஏலக்காய் நல்ல விலைக்கு விற்ற காலம் அது. வியாபாரிகள் கை தாராளமாக இருந்தது. நாங்கள் ஒரு போட்டியை நடத்தினோம். அதில் எங்கள் அணி வெல்ல வேண்டும் என்றும் ஆசைப்பட்டோம். மலப்புரம் பக்கத்தில் எழுவர் கால்பந்து பெரிய வாழ்க்கை. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்டக்காரர்கள் வந்து ஒரு பருவம் முழுக்க ஆடிச் சம்பாதிக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து முதல் ஆண்டு இரண்டு பேரைக் கூலிக்கு அழைத்தேன். ‘கெஸ்ட் பிளேயர்’ என்பார்கள். கோப்பை கிடைத்தது. மறு ஆண்டு எதிரணியும் மூவரை அழைத்தது. நான் ஐவரை அழைத்தேன். ஏழு பேரில் ஐவர். மீண்டும் கோப்பை கிடைத்தது.

மூன்றாம் ஆண்டு பயிற்சிக்கு உள்ளூர்ப் பிள்ளைகள் ஆறு பேர்தான் வந்தார்கள். முன்பு இருபது பேர் வருவார்கள். வராதவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டபோது யாரும் கோபப்படவில்லை. ‘வேலை இருக்கு’ என்றார்கள். அப்போது பதின்மூன்று வயதாயிருந்த என் மருமகன், எல்லைக்கோட்டுக்கு வெளியே பந்து பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன், ஒரு நாள் என்னிடம் கேட்டான்:

“மாமு, நம்ம டீமுல ஆடணும்னா நான் வேற ஊருக்காரனா இருக்கணுமா?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆண்டு ஏலக்காய் விலை சரிந்தது. நன்கொடை நின்றது. கூலி ஆட்டக்காரர்கள் வரவில்லை. உள்ளூரில் ஆட ஆளும் இல்லை. அணி கலைந்தது. இரண்டு கோப்பைகள் மட்டும் என் கடை அலமாரியில் இருந்தன. அந்த வெற்றிடத்தில்தான், நான் மேலே சொன்ன ஆசிரியர் விடியற்காலை மைதானத்தில் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கினார்.

இந்தச் சம்பவத்தை எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் ஒரு நாள் மனம்விட்டுச் சொன்னேன். அவர் முதலில் கேட்டது நான் எதிர்பாராத கேள்வி: “பரிசுப் பணம் எங்கிருந்து வந்தது?” ஒவ்வோர் அணியிடமும் இரண்டாயிரம் ரூபாய் நுழைவுக் கட்டணம் வாங்கி, அதைத் திரட்டி வென்றவர்களுக்குக் கொடுத்தோம் என்றேன். அவர் தலையசைத்தார். போட்டியிடுவோர் எல்லோரும் பணம் வைத்து, வென்றவர் அதை அள்ளிச் செல்வது சூதாட்டத்தின் வடிவம். போட்டியில் பங்கில்லாத மூன்றாமவர் மனமுவந்து தரும் பரிசு வேறு என்று மார்க்க அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருப்பதை விளக்கினார். அம்பெய்தல், ஒட்டகம், குதிரை ஆகிய மூன்றிலும் பந்தயப் பரிசை அனுமதிக்கும் நபிமொழியையும், அதை மற்ற விளையாட்டுகளுக்கு எந்த அளவுக்கு விரிக்கலாம் என்பதில் இமாம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டையும் எடுத்துச் சொன்னார். எங்கள் ஊரிலும் பல ஊர்களிலும் நம் பிள்ளைகள் நடத்தும் போட்டிகளில் நுழைவுக் கட்டணமே பரிசாகிறது என்பதை வாசகர்கள் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

பிறகு அவர் சொன்ன செய்தி என் உள்ளத்தில் தைத்தது. நாம் ராவுத்தர்கள். குதிரை வீரர்கள் என்று நம் பெயருக்கே பொருள் சொல்வார்கள். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தியதை இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பந்தயத்துக்கென்று பக்குவப்படுத்தி மெலியவைக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தூரம் வைத்தார்கள். அவ்வாறு பக்குவப்படுத்தப்படாத குதிரைகளுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தூரம் வைத்தார்கள். முன்னது ஐந்தாறு மைல். பின்னது ஒரு மைல் என்று அறிவிப்பாளர்கள் விளக்குகிறார்கள். இளைஞரான இப்னு உமர் அவர்களும் அதில் குதிரை ஓட்டினார்கள்.

இந்தச் செய்தியைச் சிறுவயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் ஒரு நீதி இருப்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வசதியோடு வளர்க்கப்பட்ட குதிரையை வைத்திருப்பது குற்றம் என்று நபியவர்கள் சொல்லவில்லை. அதன் பக்குவத்தைக் குறைக்கச் சொல்லவுமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தவில்லை. பக்குவம் பெறாத குதிரைக்கும் அதற்குரிய ஓட்டமும் அதற்குரிய வெற்றியும் இருந்தன. நான் செய்ததோ, மைதானத்தையே பக்குவப்பட்ட குதிரைகளுக்குக் கொடுத்துவிட்டு, நம் வீட்டுக் குட்டிகளைப் பந்து பொறுக்க விட்டது.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் நெடுங்காலமாக நடந்துவரும் ஃபின்லே கேடயக் கால்பந்துப் போட்டியை மலைவாசிகள் அறிவார்கள். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே நடப்பது அது. ஆடுபவர்கள் அந்தந்தத் தோட்டத்தின் தொழிலாளர்களும் ஊழியர்களும். அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்க் குடும்பத்தினர். நேற்றுவரை கொழுந்து சுமந்தவன் இன்று கோல் அடிக்கிறான் என்பதற்காகவே மைதானம் நிறைகிறது. அங்கே யார் சிறந்த ஆட்டக்காரர்களை விலைக்கு வாங்குவது என்ற போட்டி இல்லை. இருப்பவர்களை யார் நன்றாகப் பழக்குவது என்ற போட்டிதான்.

இனி அந்தத் திண்ணைக்குத் திரும்புகிறேன். இயக்குநர் இரண்டு நாளில் பதில் கேட்டுவிட்டுப் போனார். அன்றிரவு குடும்பம் முழுவதும் உட்கார்ந்து பேசினோம். முதல் செய்தியில் யாருக்கும் ஐயம் இல்லை. மதுவையும் சூதையும் சேர்த்தே குர்ஆன் விலக்கியிருக்கிறது. தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஹாஷிம் ஆம்லா தம் நாட்டு அணியின் விளம்பரதாரரான மது நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் அணியாமலே உலகின் சிறந்த மட்டையாளர்களுள் ஒருவராக விளங்கினார். நியூசிலாந்தின் ரக்பி வீரர் சன்னி பில் வில்லியம்ஸ் 2017-இல் வட்டி வங்கியின் சின்னத்தை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொண்டு களமிறங்கினார். அவர்கள் இழக்கத் துணிந்தது எவ்வளவோ. நம் பிள்ளை இழப்பது மாதம் ஐயாயிரம். ஆனால் என் மச்சானின் மாத வருமானத்தை அறிந்தவர்களுக்கு அது சிறிய தொகை அன்று என்பது தெரியும். அவர்தான் முதலில் வாய் திறந்தார்: “அந்தக் காசு நம்ம வீட்டுக்கு வேணாம்.” (மூன்று மாதம் கழித்து, 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் நாடாளுமன்றம் சட்டத்தால் தடை செய்தது. தேசியக் கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்தே அத்தகைய நிறுவனத்தின் பெயர் நீங்கியது. ஏற்றிருந்தாலும் அந்தப் பணம் நிலைத்திருக்காது.)

கடினமான செய்தி இரண்டாவதுதான்: கொடுத்த வாக்கு. ஏலத்தில் ஒருவர் கேட்ட விலைக்கு மேல் இன்னொருவர் கேட்பது கூடும். ஆனால் பேரம் முடிந்து, இருவரும் பொருந்திக்கொண்ட பின், ஒரு சகோதரனின் வியாபாரத்தின் மீது மற்றவர் வியாபாரம் செய்வதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதையும் தடுத்திருக்கிறார்கள். ஏலக்கூடத்தில் இந்த இரண்டையும் நான் பேணியிருக்கிறேன். அப்படியிருக்க, ஒரு பிள்ளையின் விஷயத்தில் அதைக் காற்றில் விடலாமா? அதே வேளையில், ஜீப்பு ஓட்டுநரின் மகனுக்குப் பொறியியல் படிப்பு கட்டணமின்றிக் கிடைக்கும்போது, ‘வாக்கு’ என்று சொல்லி அதைத் தடுப்பதும் நீதியா?

விவாதம் நீண்டது. கடைசியில் மருமகன்தான் சொன்னான்: “நானே சார்கிட்ட போய்க் கேக்குறேன். அவர் விட்டா போறேன். இல்லன்னா போகல.”

மறுநாள் காலை ஃபஜ்ருக்குப் பின் அவனும் நானும் மைதானத்துக்குப் போனோம். அவன் எதையும் மறைக்காமல் சொன்னான். ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த சிறுவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கல்லூரி அணிக்கு அந்த ஆண்டு இருந்த ஒரே நம்பிக்கை இவன் என்பது எனக்குத் தெரியும். பிறகு சொன்னார்: “போப்பா. படிப்பு முக்கியம். ஆனா லீவுக்கு வர்றப்பல்லாம் இந்தப் பசங்களுக்கு நீ கத்துக்குடுக்கணும்.” அவன் தலையைக் குனிந்துகொண்டு “சரி சார்” என்றான். அவர் முஸ்லிம் அல்லர். ஆனால் வாக்கையும் விடுதலையையும் அவரிடமிருந்து கற்றோம் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

செயலியின் பணம் இன்றி இடம் கிடைக்குமா என்று அந்தக் கல்லூரியில் கேட்டோம். இடம் கல்லூரியினுடையது, விளம்பரப் பணம் வேறு என்றார்கள். அல்ஹம்துலில்லாஹ், சேர்ந்துவிட்டான்.

இந்தக் கதை இங்கே இனிதே முடிந்தது என்று எழுத ஆசைதான். உண்மை சற்று வேறு. அந்தக் கல்லூரியில் அவனைப் போல் தேடிக் கொணரப்பட்டவர்கள் பலர். முதல் ஆண்டில் பெரும்பாலான ஆட்டங்களில் அவன் மாற்று ஆட்டக்காரனாகவே அமர்ந்திருந்தான். ஒரு சிறிய கல்லூரியின் அணியைத் தோளில் தூக்கியிருக்கக்கூடியவன், பெரிய கல்லூரியின் பெஞ்சில் காத்திருந்தான். இதுவும் பணம் செய்யும் வேலைதான். வலியவன் தனக்குத் தேவையானவர்களை மட்டும் எடுப்பதில்லை. எதிரிக்குக் கிடைக்கக்கூடியவர்களையும் எடுத்து வைத்துக்கொள்கிறான். ஆனாலும் அவன் படிக்கிறான். அவனுடைய அத்தா கடன் வாங்கவில்லை. இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

விடுமுறையில் ரயிலில் வந்து இறங்கினான். மறுநாள் விடியலில் மைதானத்தில் நின்றான். இருபதுக்கும் மேற்பட்ட சிறுவர்கள் இருந்தார்கள். நானும் போயிருந்தேன். எங்கள் அணியை மீண்டும் தொடங்கியிருக்கிறோம். இம்முறை மூன்று விதிகள்: ஊரில் வசிப்பவர்கள் மட்டுமே ஆட வேண்டும், நாங்கள் நடத்தும் போட்டியில் நுழைவுக் கட்டணம் பரிசாகாது, பரிசு நன்கொடையாளர்களுடையது, பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் போட்டி. ஹஃப்யாவுக்கு ஓர் ஓட்டம், ஸனிய்யாவுக்கு ஓர் ஓட்டம். இந்த ஆண்டு எங்கள் அணி முதல் சுற்றிலேயே தோற்றது. ஆனால் அரங்கில் எல்லா வீட்டுத் தாய்மாரும் வந்திருந்தார்கள்.

நம் சமுதாயத்தின் செல்வந்தர்களுக்கு ஒரு வேண்டுகோள். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் பெயரால் 1956 முதல் ஒரு கல்லூரி நடக்கிறது. நம் முன்னோர் தங்கள் செல்வத்தைத் தலைமுறைகள் படிக்கும் இடமாக மாற்றினார்கள். விளையாட்டுக்கு நீங்கள் கொடுக்கும் பணமும் அப்படியே அமையட்டும். ஒரு நாளுக்கு ஓர் ஆட்டக்காரனை வாங்கித் தராதீர்கள். ஒரு மைதானத்தையும் ஒரு பயிற்றுநரின் ஊதியத்தையும் வாங்கித் தாருங்கள். பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளைக்கு வாய்ப்பு வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: பணம் எங்கிருந்து வருகிறது? எதற்காக வருகிறது? அதை ஏற்றால் யாருக்குக் கொடுத்த வாக்கு முறிகிறது?

நபி (ஸல்) அவர்களின் அள்பா என்ற ஒட்டகம் எந்தப் பந்தயத்திலும் முந்தப்படாதது. ஒரு நாள் கிராமத்து அரபி ஒருவரின் இளம் ஒட்டகம் அதை முந்தியது. தோழர்களுக்கு அது வருத்தம் தந்தது. இவ்வுலகில் உயர்கின்ற எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தைச் சொல்லி நபியவர்கள் அவர்களைத் தேற்றினார்கள். என் கடை அலமாரியிலுள்ள இரண்டு கோப்பைகளையும் பார்க்கும்போதெல்லாம் இந்தச் செய்தி என் நினைவுக்கு வருகிறது.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் கால்களில் வலிமையையும், நம் கைகளில் ஹலாலான பொருளையும், நம் நாவில் நிலைத்த வாக்கையும் தந்தருள்வானாக. ஆமீன்.